நாலாவது மணி நேரத்துக் கால்

"அண்ணா, கார்பன் பிளேடு வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வரும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரில் நாலாவது மணி நேரத்தில் உன் தொடை எப்படி இருக்கும்? 20 மீட்டர் போக வேண்டும், 25 போக வேண்டும் என்று ஆழத்தைச் சொல்வார்கள். ஆழம் பிறகு. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னின் பிளேடை அன்றைய கடைசி முக்குளிப்பை மனத்தில் வைத்து வாங்க வேண்டும்.

ஈட்டித் துப்பாக்கியோடு கடலில் இறங்குகிறவர் முக்குளிக்கும் நேரத்தைவிட மேற்பரப்பில் நீந்தும் நேரமே அதிகம். நான் இறங்குவது சிட்னியின் பாறைக் கரைகளில். நியூ சவுத் வேல்ஸில் காற்றுக் குடுவை மாட்டிக்கொண்டு மீனைக் குத்துவது சட்டவிரோதம். தம் பிடித்து இறங்கி, பாறை இடுக்கைப் பார்த்து, அதே மூச்சில் ஏற வேண்டும். ஒரு முக்குளிப்பு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. பிறகு அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது மேலே மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த பாருக்கு, அதாவது அடுத்த பாறைத் திட்டுக்கு, நீவாட்டை (நீரோட்டத்தை) எதிர்த்து நீந்த வேண்டும். காலைப்பொழுது முழுக்க இப்படியே போகும். மஞ்சள்வால் கிங்ஃபிஷ் கூட்டம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நம்மூரில் கிங்ஃபிஷ் என்று சொல்லும் வஞ்சிரம் இல்லை இது, பாரைக் குடும்பத்து மீன். 65 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை இங்கே எடுக்கக் கூடாது. கால் களைத்து, கரைக்குத் திரும்பலாம் என்று நினைக்கும் நேரத்தில் அது வந்தால் மனம் இன்னொரு முறை இறங்கச் சொல்லும். நான் பயப்படுவது அந்த முக்குளிப்புக்குத்தான்.

இறங்கும்போது முதல் சில மீட்டர்கள் உழைப்பு. நுரையீரல் நிறையக் காற்றும் உடம்போடு ஒட்டிய நியோப்ரீன் உடையும் மேலே தூக்கும். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அதற்குக் கீழே உடம்பு தானாக அமிழும், கால் ஓய்வெடுக்கலாம். திரும்பும்போது கணக்கு மாறிவிடும். அடியிலிருந்து கிளம்பும் முதல் உதைகள்தான் மிகக் கனமானவை. அதற்குள் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கத் தொடங்கியிருக்கும். கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகக் குறையும்போது ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரியும். மயக்கம் பெரும்பாலும் அங்கேதான் வரும், இல்லாவிட்டால் தலை வெளியே வந்த சில நொடிகளில். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதிக்கு எந்த பிளேடும் மாற்று இல்லை. ஆனால் அந்த மூச்சில் எவ்வளவு பங்கைத் தொடை தின்கிறது என்பது பிளேடின் கையில் இருக்கிறது.

விறைப்பான பிளேடு கூடுதல் தண்ணீரைத் தள்ளும். ஒவ்வொரு உதைக்கும் அது கேட்கும் விலையும் கூடுதல். முதல் மணி நேரத்தில் அந்த விலை தெரியாது. காலுக்கு வலு இருக்கும், வேகம் சந்தோஷம் தரும். கடையில் பிளேடை வளைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் விறைப்பானதை எடுப்பது இதனால்தான். என் அனுபவத்தில் பெரும்பாலோருக்கு மென்மையானதோ நடுத்தரமானதோ போதும். 90 கிலோ எடையும் சைக்கிள் மிதித்து உரமேறிய தொடையும் உள்ளவருக்கு விறைப்பானது பொருந்தலாம். அப்படிப்பட்டவர் குறைவு.

பிளேடு ஒருவருக்குப் பொருந்துகிறதா என்று அறிய, அவர் களைத்த பிறகு தண்ணீருக்குள்ளிருந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். உதை இடுப்பிலிருந்து வந்து, முழங்கால் லேசாக மட்டும் வளைந்தால் நல்லது. முழங்கால் மடங்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல் சுற்றத் தொடங்கினால் பிளேடு காலை வென்றுவிட்டது என்று பொருள். தள்ள முடியாத எதிர்ப்பிலிருந்து கால் தப்பிக்கப் பார்க்கிறது. எதிர்ப்பே இல்லாமல் பிளேடு மடங்கித் துவண்டால் மென்மை கூடிப்போயிற்று. நல்ல பிளேடு பாதத்தின் அருகே விறைப்பாகவும் நுனியை நோக்கிப் படிப்படியாக மென்மையாகவும் இருக்கும். கார்பனிலும் ஃபைபர்கிளாஸிலும் நுனிப்பக்கம் அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து இதைச் செய்கிறார்கள்.

விறைப்பான பிளேடு வேண்டும் என்று கேட்கிறவர்களில் பலருக்கு உண்மையான தொல்லை இடுப்பில் இருக்கும். 5 மீட்டர், 6 மீட்டரில் பாறையோடு ஒட்டிப் படுத்து மீனுக்குக் காத்திருக்க ஈயப் பட்டையில் கூடுதல் எடை கட்டியிருப்பார்கள். அதே எடையோடு ஆழமான இடத்துக்குப் போனால் அடியிலிருந்து எழுவது பெரும்பாடு. பிளேடுதான் பலவீனம் என்று நினைத்து இன்னும் விறைப்பானதை வாங்குவார்கள். ஒரு கிலோ ஈயத்தைக் கழற்றிவிட்டுப் பழைய பிளேடோடு ஒரு நாள் போய்ப் பார் என்பேன். அதற்குப் பிறகு பலர் புது பிளேடு பற்றிப் பேசுவதில்லை. சும்மா மூச்சை வெளியே விட்ட பிறகு மேலே மிதக்க முடியாத அளவுக்கு எடை கட்டிக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது. மேலே வந்து மயங்கினால் அந்த எடை அவரைத் திரும்பக் கீழே கொண்டுபோய்விடும்.

இனி, என்ன பொருளால் ஆன பிளேடு? பிளாஸ்டிக் கனமானது, வளைந்து நிமிரும்போது சக்தியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கார்பன் லேசானது, வளைத்த கையோடு நிமிரும். காலையிலிருந்து மதியம்வரை நீந்துகிறவருக்கு இந்த வித்தியாசம் தொடையில் தெரியும். ஆனால் சிட்னிக் கரையில் படகு இல்லாமல் இறங்குகிறவர் கன்ஜிவாய் என்ற கடற்பீச்சிகள் அப்பிய பாறை மேடையில் நடந்து, அலை ஏறும் நேரம் பார்த்துக் குதித்து, திரும்பும்போது அலையோடு பாறைமேல் தொற்றி ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் பிளேடின் ஓரம் பாறையில் மோதாமல் இருப்பது அரிது. கார்பனின் ஓரம் சில்லுப்போகும், அடுக்குகள் பிரியும். பிளாஸ்டிக்கில் கீறல் விழும், அவ்வளவுதான். படகிலிருந்து இறங்குகிறவருக்குக் கார்பன், பாறையிலிருந்து குதிக்கிறவருக்கு ஃபைபர்கிளாஸ், பழகத் தொடங்குகிறவருக்குப் பிளாஸ்டிக் என்பது என் முடிவு. ஃபைபர்கிளாஸைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. கார்பனின் துள்ளலில் பெரும்பகுதி அதில் உண்டு, அடியும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. நான் பெரும்பாலும் அணிவது அதைத்தான்.

பிளேடைவிட முக்கியமான ஒன்றை எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள்: பாதம் நுழையும் ரப்பர் பகுதி, ஃபுட் பாக்கெட். ஃபின்னுக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூவின் காலத்தில், 1930களில், கவலை எல்லாம் பாதத்தில் எதையாவது உறுதியாகக் கட்டுவதுதான். 1950களில் லூயிஜி ஃபெராரோ கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக வடிவமைத்த ரோண்டினே என்ற ஃபின் குதிகாலையும் மூடி, பாதம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. இன்றைய நீண்ட ஃபின்கள் அந்த வழியில் வந்தவை. இன்று பிளேடையும் ஃபுட் பாக்கெட்டையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தலாம். குதிகால் அரை அங்குலம் நழுவினாலும் உதையின் ஒரு பங்கு பிளேடுக்குப் போகாமலே வீணாகும். இறுக்கமானால் உள்ளங்காலில் தசைப்பிடிப்பு வரும். அது எப்போதும் தொலைவான இடத்தில்தான் வரும். எந்தக் கனத்துக் காலுறையோடு கடலில் இறங்குகிறோமோ அதே காலுறையோடு போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சிட்னியில் குளிர்காலத் தண்ணீருக்கும் மார்ச் மாதத் தண்ணீருக்கும் ஒரே காலுறை சரிவராது, ஆகையால் இங்கே இது சின்ன விஷயமில்லை.

பிளேடு பாதத்தோடு நேர்கோட்டில் இல்லாமல் 20 டிகிரி, 25 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதும் பாதத்துக்காகத்தான். கணுக்கால் முழுதாக நீண்டு காலோடு ஒரே கோடாவதில்லை. அந்தக் குறையைச் சாய்வு ஈடுசெய்கிறது. கணுக்கால் நன்றாக நீளும் ஒருவருக்குச் சாய்வு கூடினால் உதையின் ஒரு பங்கு வீணாகும். சாய்வு பொருந்துகிறதா என்று அறிய, மேற்பரப்பில் நீந்தும்போது பிளேடு தண்ணீரை அறைகிறதா என்று கேட்டுப்பாருங்கள். அந்தச் சத்தம் கேட்டு மீன் விலகிப்போகும்.

மன்னார் வளைகுடாவில் தம் பிடித்து முக்குளிப்பவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அதில் துள்ளல் கிடையாது, வளைவும் கிடையாது. ஆழம் குறைந்த கடலில், தரையைத் தடவித் தேடும் வேலைக்கு, கையில் கிடைக்கும் பொருளில் அவர்கள் கண்ட விடை அது. பாறையில் உடையாது, நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். தங்கள் கடலையும் தங்கள் காலையும் அறிந்தவர்கள் செய்த தேர்வு என்பதால் எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. பிளாஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாலும், வெயிலில் காருக்குள் விட்டாலும் அந்த வளைவு நிலைத்துவிடும். படுக்கவைக்க வேண்டும், அல்லது ஃபுட் பாக்கெட்டைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கார்பனையும் ஃபைபர்கிளாஸையும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பிறகு விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். பிறகு காதருகே வைத்து மெதுவாக வளைக்கிறேன். எங்காவது நெறிகிற சத்தம் கேட்டால் அந்த பிளேடை ஒதுக்கிவிட்டு, மறுநாள் பழைய பிளாஸ்டிக் ஜோடியோடு போகிறேன்.