அட்டையும் அறமும்

மக்கள் தொகுத்து வைக்கும் பொருள்கள் பலவகைப்படும். சிலர் பழங்காசு தேடுவர்; சிலர் சிப்பி சேர்ப்பர்; யாமோ காட்டுயிர்களின் உருவந் தாங்கிய அஞ்சலட்டைகளைத் தொகுத்து வருகின்றோம். இதனைச் சிறுவர் விளையாட்டென நகைப்பாரும் உளர். ஆயினும், இவ்விளையாட்டினுள்ளே ஓர் அறம் பொதிந்து கிடத்தலை அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1961-ஆம் ஆண்டில் உலகக் காட்டுயிர் நிதியம் சுவிட்சர்லாந்து நாட்டில் நிறுவப்பெற்றது. இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் வாழ்ந்த பாண்டா என்னும் கருமையும் வெண்மையும் விரவிய விலங்கே அதன் சின்னத்திற்குத் தூண்டுதலாயிற்று. இந்தியக் கிளை 1969-ல் தோன்றிற்று. 1983-ல் அந்நிதியம் குரோத் என்னும் நிறுவனத்தாரோடு கூடிப் பொருளீட்டப் புதுவழி ஒன்று கண்டது. ஒரு நாடு தன்னகத்தே அருகிவரும் உயிரொன்றைத் தெரிந்து, அதன் உருவம் பொறித்த அஞ்சல்தலைகளைப் பெரும்பாலும் நந்நான்காக வெளியிடும். அவ்வுயிரின் படமுள்ள அட்டையில், படத்தின்மேலேயே தலையை ஒட்டி, வெளியீட்டு நாளின் முத்திரையும் இடுவர். மூன்றும் ஒத்து நிற்கும் அவ்வட்டையை மாக்சிமம் கார்டு என்பர். 1986-ல் இலங்கை யானையையும், 1990-ல் வங்காளதேசம் நெடுமூக்கு முதலையையும் இங்ஙனம் வெளியிட்டன. விற்ற பொருளில் ஒரு பங்கு காட்டுயிர் காப்புக்குச் சென்றது.

எம்பால் இத்தகைய அட்டைகள் 32 உள. இவை பிற்காலத்தில் வணிகரிடத்துப் பெற்றவை. அங்ஙனம் வாங்குங்கால் காசு வணிகரைச் சாருமேயன்றி விலங்கைச் சாராது. ஆதலின், அட்டை ஒன்று வாங்குந்தோறும் அதன் விலைக்கு ஒத்த காசை ஒரு மண்ணுண்டியில் இடுதலை நெறியாகக் கொண்டுள்ளோம். ஆண்டிறுதியில் உண்டி உடைபடும். தொகை நிதியத்தின் இந்தியக் கிளைக்குச் செல்லும். இதனால் அட்டைகள் விரைந்து பெருகா. எம் ஆசைக்கு அஃதொரு கடிவாளமுமாயிற்று.

நிற்க. "மக்கள் வறுமையுற்றிருக்க, மாவிற்கும் புள்ளிற்கும் பொருளீதல் முறையோ?" என்று எம் அம்மான் ஒருநாள் வினவினார். அவர் கள்ளக்குறிச்சியை அடுத்து நெல்லும் கரும்பும் பயிரிடுபவர். கல்வராயன் மலையூர்கள் சிலவற்றில் நோயுற்றாரை நெடுந்தொலை சுமந்து வருதலை யாமும் கண்டுள்ளோம். ஆதலின் அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று.

விடை அம்மலையிடத்தே உளது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய கல்வராயனில்தான் கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கின்றன. மரமும் புதரும் மழைநீரைத் தாங்கி மெல்ல விடுதலானே ஆறு நிலைக்கும். பழமுண்ட பறவையும் குரங்கும் விதை பரப்புதலானே மரம் தழைக்கும். மலையாளி என வழங்கும் பழங்குடியினர் கொணரும் கடுக்காயும் தேனும் அக்காடு தருவனவே. காடழியின் முதலில் வாடுவார் அவர். அடுத்து வாடுவது எம் அம்மானின் கழனி. எனவே விலங்கின் உறையுளைக் காத்தல் மக்களைக் கைவிடுதலாகாது என்றோம். அம்மான் முற்றும் உடன்பட்டாரல்லர். "அங்ஙனமாயின் மலையூர்ப் பிள்ளைகளின் படிப்பிற்கும் ஓர் உண்டி வை" என்றார். இப்பொழுது எம்மிடத்து உண்டிகள் இரண்டு.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகத் தமிழுலகம் போற்றுகின்றது. போர்வை மயிலுக்குப் பயன்படுமோ என ஆராயாமை அவ்வரசனது அருளின் பெருக்கம். பொருள் குறைந்த மாணவராகிய நாமோ ஆராய்ந்தே ஈதல் வேண்டும். மயிலுக்கு வேண்டுவது ஆடையன்று; காடே. நண்பர்காள்! அட்டையாயினும் அஞ்சல்தலையாயினும் நீவிர் எதனைத் தொகுப்பினும், அப்பெட்டியின் பக்கத்தே ஓர் உண்டியையும் வைம்மின்.