மாமாவிடம் யாரும் கேட்காத கேள்வி

உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமம். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுகர், பிரஷர் எல்லாம் விசாரித்தார்கள். குடியைப் பற்றிக் கேட்கவில்லை. மானத்துக்குப் பயந்து நாங்களும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கை நடுங்க, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாக அலறினார். 'காத்து கருப்பு' என்றார் பாட்டி. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது நைட் டியூட்டி டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மருந்தோடு வைட்டமின் பி1 ஊசியும் போட்டார். மெல்லத் தெளிந்தார்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையம் இன்றும் இருக்கிறது. மாமா அங்கெல்லாம் வரமாட்டார். ஆனால், சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையம் போகிறாரே! போன வாரம் அங்கிருக்கும் நர்ஸ் அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன்.

மாமா இன்னும் என்னிடம் பேசவில்லை.