சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீடு

எங்கள் வீட்டு வாயிலில், பலா மரத்து நிழலில், ஒரு பழைய மெட்டடார் வண்டி நிற்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் பலா நிழலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டில் பதிவான வண்டியொன்று இன்றும் ஓடக்கூடிய நிலையில் நிற்பது அரிய காட்சிதான். பழைய இரும்பு வாங்குவோர் மாதம் ஒருமுறையேனும் வந்து, எத்தனை கிலோ தேறும் என்று கண்ணாலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார்கள். பங்குமக்களில் சிலரோ, "அதில் படுத்துக்கொண்டே வேளாங்கண்ணிக்குப் போகலாமாமே, உண்மைதானா?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். இரு சாராருக்கும் ஒருங்கே விடை சொல்ல விரும்பியே இதனை எழுதுகிறோம்.

எங்கள் தந்தையார் நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1999-இல், ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போதே அதற்குப் பத்து வயது. "ஓய்வுப் பணத்தை இப்படியா கரைப்பது?" என்று உறவினர் கேட்டனர். தந்தையாரிடம் ஒரு காரணம் இருந்தது. எங்கள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் நோய். அரை மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார இயலாது. பேருந்தின் படியில் ஏறுவதும் பெரும்பாடு. ஆண்டுதோறும் ஆரோக்கிய அன்னையின் திருநாளுக்குச் செல்வதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். படுத்தபடியே பயணம் செய்ய வழி இருந்தாலன்றி, அந்த நேர்ச்சையை நிறைவேற்ற இயலாது.

சக்கரத்தின் மேல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாத்திரை போவது நம்மவர்க்குப் புதிதன்று. கேரவன் என்றவுடன் திரைப்பட நடிகர் இளைப்பாறும் குளிர்சாதன வண்டிதான் இன்று பலருக்கு நினைவுக்கு வருகிறது. கேரள அரசும் 2021-இல் சுற்றுலாவுக்கென்று கேரவன் கொள்கை ஒன்றை அறிவித்தது. ஆயினும் எங்கள் பாட்டனார் காலத்துக் கூண்டு வண்டி வேறென்ன? வைக்கோலைக் கனமாகப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, முதியோரும் குழந்தைகளும் உறங்க, ஆடவர் பின்னே நடந்து வருவர். வண்டியின் அடியில் அரிசி மூட்டையும் சட்டி பானைகளும் தொங்கும். இரவில் சாவடியருகே மாட்டை அவிழ்த்துவிட்டால், அந்த இடமே வீடு. கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் திருநாளுக்கு, வீரமாமுனிவர் எழுப்பிய அந்த ஆலயத்துக்கு, எங்கள் பாட்டியார் சிறுமியாக இருந்தபோது சென்றதெல்லாம் இப்படித்தான். தென் பிரான்சில், செந்த் மரி தெ லா மேர் என்னும் கடற்கரை ஊருக்கு ஒவ்வொரு மே மாதமும் ரோமா மக்கள் தங்கள் குடியிருப்பு வண்டிகளிலேயே குடும்பம் குடும்பமாக யாத்திரை வருகிறார்கள். அந்தக் காட்சியைப் படத்தில் கண்டபோது எங்களுக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

அந்தக் கூண்டு வண்டியைப் பற்றிப் பாட்டியார் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் பாட்டனார் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாராம். அச்சுக்கு மை இடுவதும், கடையாணியைக் கழற்றிப் பார்ப்பதும், மாட்டின் லாடத்தைத் தட்டிப் பார்ப்பதுமாக நாள் முழுவதும் வண்டிக்குக் கீழேயே கிடப்பாராம். இதை நாங்கள் சிறுவயது முதல் கேட்டிருந்தோம். கேட்டதோடு சரி.

எங்கள் வண்டிக்குள் தந்தையார் செய்த ஏற்பாடுகள் மிக எளியவை. பதிவுச் சான்றில் கண்ட இருக்கைகளில் அவர் கைவைக்கவில்லை. பதிவு அதிகாரியின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆதலால், எதிரெதிராக உள்ள இரு நீள இருக்கைகளின் இடையே, வேண்டும்போது செருகி வேண்டாதபோது கழற்றக்கூடிய பலகைகளைத் தச்சரைக் கொண்டு செய்வித்தார். பலகையைச் செருகினால் கட்டில், எடுத்தால் நடைபாதை. சன்னல்களுக்குக் கொசுவலை. கூரையின் உட்புறம் தென்னை நார்ப் பாய். அதன் மேல் பருத்தித் துணி. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பக்கத்து வெயிலில் தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்பதை இங்குள்ளோர் அறிவர். அந்த நார்ப் பாய் செய்த உதவியை எந்த மின்விசிறியும் செய்ததில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியபோது, எங்களிடம் இருந்த மூன்று பலா மரங்களில் இரண்டு சாய்ந்தன. ஒன்றின் கிளை வண்டியின் கூரையை நசுக்கியது. தட்டி நிமிர்த்தியாயிற்று, ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் துரு பிடிக்காமல் காப்பது இன்றுவரை நீடிக்கும் போராட்டம். பழைய வண்டிக்கு மழை நீர் எதிரியென்றால், உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும் நீர் கூற்றுவன். கதவின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்கென்று உள்ள சிறு துளைகளை மண் அடைத்துவிடும். ஓர் ஈர்க்குச்சியால் அவற்றைக் குத்திவிடுவது காசில்லாத வைத்தியம்.

பயணச் சுகத்தைப் பற்றி நாங்கள் அனுபவத்தில் அறிந்தவை சில. அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பாதி வழியைக் கடந்துவிட வேண்டும். பண்ருட்டியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மணிக்கு 50-க்கு மேல் நாங்கள் போவதில்லை. கனமான பொருள்களைக் கூரையில் ஏற்றாமல், தாழ்வாக, இரு அச்சுகளுக்கும் இடையில் வைத்தால் வண்டி ஆட்டம் கொடுக்காது. படுத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். இரவில் தங்கும்போது சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். அடுப்பை வண்டிக்குள் ஏற்றுவதில்லை. இட்லியும் மிளகாய்ப் பொடியும் புளிச் சோறும் வாழையிலையில் கட்டி வந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உறங்குவதும், எல்லாச் சன்னல்களையும் இறுக மூடிக்கொண்டு உறங்குவதும் ஆபத்து. புகையின் நஞ்சுக்கு வாசனையே இல்லை.

இனி, சொல்ல வெட்கப்படும் செய்தியைச் சொல்ல வேண்டும்.

தந்தையார் உயிரோடு இருந்தவரை வண்டிக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். சுரங்கத்தில், ஜெர்மானிய நாட்டு முறையில் அமைந்த இராட்சத மண்வெட்டி இயந்திரங்களைக்கூட, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தவணை வந்துவிட்டதென்று நிறுத்திப் பழுது பார்ப்பார்களாம். கெட்டபின் பார்ப்பது பராமரிப்பாகாது என்பது அவர் அங்கே கற்ற பாடம். மெட்டடாரும் ஜெர்மானிய வழிவந்ததுதான். ஹாம்பர்க் நகரத்து டெம்போ நிறுவனத்தோடு சேர்ந்து 1958-இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் அதைப் பல ஆண்டுகள் செய்து விற்றது. என்றைக்கு எண்ணெய் மாற்றியது, எந்தக் கிலோமீட்டரில் மசகு இட்டது, மின்விசிறி வார் எப்போது புதிது என்றெல்லாம் தந்தையாரின் குண்டு குண்டான எழுத்தில் இருக்கும். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியில் காற்று வடிகட்டியை நூலில் சொன்னதற்குப் பாதி நாளிலேயே துப்புரவு செய்ய வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். 2013-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். குறிப்பேடு அலமாரிக்குள் போயிற்று.

2016 ஆகஸ்டு மாதம். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னர் புறப்படுவதாகத் திட்டம். பண்ருட்டியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பின் சக்கரத்து பிரேக் சிலிண்டரில் ஈரம் தெரிகிறது, மாற்றிவிட்டுப் போங்கள்" என்றார். "திருநாள் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று நாங்கள் சொன்னோம். பணமில்லாமல் சொல்லவில்லை. அந்த வாரந்தான் அம்மாவுக்காகப் புதிய பஞ்சு மெத்தையும், நீல நிறத்தில் சன்னல் திரைகளும் வாங்கியிருந்தோம். முகப்பில் புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தையும் புதிதாகப் பதித்து, பங்குத் தந்தையிடம் மந்திரித்தும் ஆயிற்று. (அப்புனிதரின் திருநாள் 1969-இல் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டபோதிலும், வழிப்போக்கரின் பாதுகாவலர் என்னும் பெருமை அவரை விட்டுப் போகவில்லை. ஆயினும் சிலிண்டரை மாற்றும் வேலையை அவர் தலையில் கட்டியது எங்கள் குற்றம்.)

சீர்காழியைக் கடந்து சிறிது தொலைவு சென்றிருப்போம். பொழுது புலர்ந்திருந்தது. சாலையின் இடப்புறம் காவியுடை அணிந்த யாத்திரிகர்கள், கையில் சிறு கொடியும் தலையில் மூட்டையுமாய், ஜெபமாலை சொல்லியபடி நடந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட அண்ணன் பிரேக்கை மிதித்தார். மிதி எதிர்ப்பே இல்லாமல் அடித்தளம் வரை இறங்கிவிட்டது. மறுபடி மிதித்தார், அதே நிலை. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டு வண்டியை ஓரத்து மணற்குவியலை நோக்கித் திருப்பினார். யாத்திரிகர் சிதறி ஓடினர். குவியலில் முட்டி வண்டி நின்றது. எல்லாம் ஐந்தாறு வினாடிகள்.

ஒருவர் மட்டும் ஓட முடியாமல் விழுந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். வண்டியின் பக்கத் தகடு அவருடைய மூட்டையில் உரசியிருந்தது, முழங்காலில் இரத்தம். நாங்கள் நடுங்கியபடி தூக்கி உட்கார வைத்தோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அம்மாவைப் பாக்க நடந்து வர்றவனை, அம்மாகிட்டயே நேரா அனுப்பப் பாத்தீங்களே தம்பி!"

உடன் வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. எங்கள் தண்ணீரில் காலைக் கழுவிக் கட்டுப் போட்டோம். வண்டி சீரானதும் ஏற்றிச் செல்வதாக எவ்வளவோ கெஞ்சினோம். நடப்பதாக நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார். ஊரையும் பெயரையும் கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை. சீர்காழியிலிருந்து ஒரு மெக்கானிக் மொபெட்டில் வந்து, சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்கள் கிழிந்து எண்ணெய் முழுவதும் கசிந்துபோயிருந்ததைக் காட்டினார். மாற்றுவதற்கான செலவு, திரைச்சீலைக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அம்மா அந்தப் புதிய மெத்தையில் படுத்தபடி ஒன்றும் பேசாமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு வேளாங்கண்ணியில் மூன்று முறை கேட்டார்: "அந்தப் பெரியவர் வந்து சேர்ந்திருப்பாரா?"

ஊர் திரும்பியதும் குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்தோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய், சூட்டில் ஆவிக் குமிழிகளை உண்டாக்கி மிதியின் வலுவைக் குறைக்கும். உட்புறம் துருவையும் உண்டாக்கும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றிவிடுகிறோம். ரப்பர்க் குழாய்களும் அப்படியே. டயரில் வரிப்பள்ளம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதை விட்டு, பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு எண்களையும் பார்க்கிறோம். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. ஓடாமல் நிழலில் நின்ற டயரும் முதுமையடையும். மாதம் ஒருமுறையேனும் வடலூர் வரை ஓட்டி வருகிறோம். நெடுநாள் நின்ற வண்டியே மிகுதியாகக் கெடும். இவற்றையெல்லாம் முடித்த பிறகுதான் மெத்தைக்கும் திரைக்கும் கணக்கு எழுதுகிறோம்.

செலவு குறைவென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025-இல் அது 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி வேறு. உதிரிபாகங்களுக்காகப் பல ஊர் அலைய வேண்டியிருக்கிறது. வாடகைக் காரில் போய் வந்தால் இதனினும் மலிவாகவே முடியும். வாடகைக் காரில் அம்மா படுக்க முடியாது என்பது ஒன்று. தந்தையாரின் எழுத்துக்குக் கீழே எங்கள் எழுத்தும் சேர்ந்து வருகிறதே, அந்தக் குறிப்பேட்டை இரும்பு வியாபாரி எடை போடமாட்டார் என்பது மற்றொன்று. வண்டி இனிச் சாலைக்கு ஆகாது என்று மெக்கானிக் சொல்லும் நாள் வரும். அன்று அவர் சொல்லைத் தள்ளிப்போட மாட்டோம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் சீர்காழியைக் கடக்கும்போது தலையணையைச் சரித்து, வலைச் சன்னல் வழியே இடப்புறத்து யாத்திரிகர்களைக் கூர்ந்து பார்க்கிறார். அவ்விடத்தில் அண்ணன் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுவார். பின்னால் வருவோர் ஒலியெழுப்பினாலும் கவலைப்படுவதில்லை.

இந்த ஆண்டுக்கான பிரேக் எண்ணெய் சென்ற சனிக்கிழமை மாற்றியாயிற்று. தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டோம். அம்மா ஒரு சிறு பையில் முந்திரிப் பருப்பும், கட்டுப் போடும் துணியும், காயத்துக்கு இடும் மருந்தும் எடுத்து வைத்திருக்கிறார்.