நுரை சொல்லும் சேதி: எம்.ரெட்டியபட்டிப் பதனீர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை மாதத்தில் போகிறேன் என்று சொன்னால், "அந்த வெயிலிலா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் போவதே அந்த வெயிலுக்காகத்தான். அப்போதுதானே பதனீர் கிடைக்கும்!

விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் ரயில் பாதையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருக்கின்றன. திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். அங்கே திருமேனிநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் எங்கும் கரிசல் காடு. பருத்தியும் மல்லியும் எடுத்து முடிந்து நிலம் வெடித்துக் கிடக்கும். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. சீமைக்கருவேலத்தை விட்டால் பச்சை என்று கண்ணில் படுவது பனை ஒன்றுதான். தெற்கே சாயல்குடிப் பக்கம் போகப் போகப் பனை கூடிக்கொண்டே போகும்.

இந்தத் தடவை போனபோது நாத்தனாரின் மருமகள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. காலையில் பதனீர்க்காரப் பாட்டி வாசலில் குடத்தை இறக்கியதும், "எனக்கு ஒரு செம்பு, பிள்ளைக்குக் கொஞ்சம்" என்று பாத்திரத்தோடு ஓடினாள். பாட்டி ஒரு குடத்தை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, "இது ஒனக்கு ஆகாது தாயி. சுண்ணாம்பு பத்தல, பொங்கிருச்சு. இதக் கொடு" என்று அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.

"இந்தக் குடத்தை என்ன செய்வீங்க பாட்டி?" என்றேன்.

"கொட்ட வேண்டியதுதான். கருப்பட்டி காச்சுனாலும் பாகு இறுகாது."

ஒரு குடம் என்பது சின்ன விஷயம் இல்லை. பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறி, பாளையைச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டிச் சேர்த்தது அது. அதை யாரிடமும் தள்ளிவிடாமல் ஒதுக்கி வைத்த அந்தப் பாட்டியிடம்தான் பதனீர் பார்த்து வாங்க நான் கற்றுக்கொண்டேன்.

பாளையிலிருந்து சொட்டும் சாறு நல்ல இனிப்பு. இனிப்பு இருக்கும் இடத்துக்கு காற்றில் திரியும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் வந்துவிடும். நாம் இட்லி மாவு பொங்குவதைப் பார்க்கிறோம் இல்லையா, அது போலத்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருளை உண்டாக்குகிறது. ஒன்று சாராயச் சத்து, மற்றது கரியமில வாயு. அந்த வாயுதான் குமிழி குமிழியாக மேலே வருகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் ஈஸ்டின் வேலை அடங்கும். சாறு பதனீராகவே நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது, பதனீர் இறக்கலாம். ஒரு விரல் சுண்ணாம்பில் சட்டமும் இருக்கிறது, பிள்ளையின் வயிறும் இருக்கிறது!

டி.வி.யில் கார் பந்தயம் ஜெயித்தவர் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் இதே வாயுதான். பிரான்சில் ஷாம்பெயின் என்ற பகுதியில் செய்யும் திராட்சை ஒயின் அது. ஒருமுறை புளித்த ஒயினில் மறுபடி சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலை இறுக மூடிவிடுவார்கள். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். அந்த அழுத்தம் நம் கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி, கார்க்குக்கு மேல் கம்பிக் கட்டு. அங்கே நுரை நிறைய, நிதானமாக வந்தால் நல்ல சரக்கு என்பார்கள். நம் பதனீருக்குக் கணக்கு நேர் எதிர். நுரைத்தால் அது பதனீர் இல்லை.

இனி, பார்த்து வாங்கும் விதம்:

கண்ணால் பாருங்கள். நல்ல பதனீர் தெளிவாக இருக்கும். பால் போல வெளுத்துக் கலங்கியிருந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. ஊற்றும்போது கொஞ்சம் நுரை வருவது இயல்பு. அது உடனே அடங்கிவிடும். ஊற்றி வைத்த பிறகும் அடியிலிருந்து குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தால் வேண்டாம்.

மோந்து பாருங்கள். இனிப்பு வாசம்தான் வர வேண்டும். புளித்த நெடி மூக்கில் ஏறக் கூடாது.

ஒரு வாய் ருசி பாருங்கள். இனிப்போடு லேசான காரல் இருந்தால் அது சுண்ணாம்பு, பரவாயில்லை. நாக்கு பொத்துப்போவது போல எரிந்தால் சுண்ணாம்பு அதிகம், விட்டுவிடுங்கள். வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் இருந்து பனை வாசமே இல்லாவிட்டால் அது கலப்படம்.

வெயில் ஏறுவதற்கு முன் வாங்குங்கள். வாங்கியதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள். பாட்டில் உப்பினால் உள்ளே ஷாம்பெயின் வேலை நடக்கிறது என்று அர்த்தம்! தூக்குவாளியே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே உள்ளதை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். பச்சையாகக் குடிப்பதுதானே ருசி என்பீர்கள். ஆனால் இரவில் கலயத்தில் வௌவால் வாய் வைக்கும். வங்கதேசத்தில் ஈச்ச மரத்துச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா காய்ச்சல் வந்திருக்கிறது. அங்கே இப்போது கலயத்துக்கு மூங்கில் தட்டி கட்டி மறைக்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கொதிக்க வைத்தே குடிக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களும் தள்ளியே இருக்க வேண்டும். மரத்திலிருந்து வந்தாலும் அது சர்க்கரைதான்.

மிஞ்சினால் பொங்கல் வைக்கலாம். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் முதலில் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். இனிப்பில் அரிசி சீக்கிரம் வேகாது. அதன் பிறகு பதனீரை ஊற்றிக் கிளறி, நெய்யும் ஏலமும் சேர்த்து இறக்கினால் வெல்லமே தேவையில்லை.

பனை 1978-லிருந்து நம் மாநில மரம். இப்போது கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. மரம் நின்றால் போதுமா? ஏற ஆள் வேண்டும், இறக்கியதை வாங்க நாம் வேண்டும். அந்தப் பக்கம் போனால் பாட்டில் கலர் வாங்கும் காசில் ஒரு பட்டை பதனீர் வாங்குங்கள். பார்த்து வாங்குங்கள், பேரம் மட்டும் பேசாதீர்கள்.