சட்டைப் பைக்குள் ஒரு கேமரா

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, காந்தி சிலைக்குத் தெற்கே ஒரு பெஞ்சில் உட்காருவது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் மட்டும் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தபோது எங்களுக்கே ஆளை அடையாளம் தெரியவில்லை. வாக்காளர் அட்டைப் படத்தை எடுத்துப் பெரிதாக்கி இருந்தார்கள். எந்நேரமும் சிரித்துப் பேசுகிற மனிதர், அந்தப் போஸ்டரில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் தேடியிருக்கிறார்கள். கிடைத்ததெல்லாம் கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் பாதி மறைந்த முகம்தான்.

ஒரு கேமராவை எப்போதும் கூடவே வைத்திருப்பது என்று அப்போது முடிவு செய்தேன். எந்தக் கேமரா என்பதற்கு மட்டும் ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் நம் வயதுக்காரர்கள் யாருக்காவது உதவும்.

"செல்போன் இருக்கே, அது போதாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. செல்போன் நன்றாகவே படம் எடுக்கிறது. ஆனால் எனக்கு நாலு சிரமங்கள். கடற்கரையில் வெயில் ஏறிவிட்டால் அதன் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. காய்ந்துபோன என் விரலைத் தொடுதிரை பல நேரம் மதிப்பதில்லை. போனின் முக்கிய லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. முகத்தை நிறைவாக எடுக்கப் பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகி விடுகிறது. எடுத்த படத்தை வாட்சப்பில் அனுப்பும்போது அது சுருங்கியும் போகிறது. போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதற்காகத் தோளில் தொங்கும் பெரிய கேமரா வேண்டுமா என்றால் வேண்டாம். சின்னக் கேமராவே உடம்பு முடியாதவர் ஒருவரால் வந்ததுதான். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக்குக்கு ஆஸ்துமா. கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு அவரால் நடக்க முடியவில்லை. சினிமா பிலிம் சுருளில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் எடுக்கும் சிறிய கருவி ஒன்றை அவர் செய்தார். 1925இல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அந்த லைக்காவை விடாமல் கையில் வைத்திருந்தவர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் நம் புதுவைக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அதற்கு முன் நெடுங்காலம் அரவிந்தரை யாரும் படம் எடுத்ததில்லை. அந்த டிசம்பரிலேயே அவரும் மறைந்தார். எட்டு மாதம் தாமதமாகியிருந்தால் முதுமையின் அந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

1952இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்ற பொருளில் கம்பீரமாகத் தலைப்பு வைத்தார்கள். பிரெஞ்சுத் தலைப்பில் அந்தக் கம்பீரம் இல்லை. 'இமாழ் அ லா சொவெத்'. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை போட்டு, போலீஸ் வந்தால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரத்துக்குப் பிரெஞ்சில் 'அ லா சொவெத்' என்பார்கள். நேரு வீதியில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். சட்டென்று எடுத்து சட்டென்று உள்ளே வைக்க முடிய வேண்டும். தினசரி கேமராவுக்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இனி என் தேர்வுக்கு வருகிறேன். பாரிஸில் இருக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்தான். "மாமா, நான் இருக்கிற ஒரு மாசமும் ரெண்டையும் வெச்சுப் பாருங்க. எது கைக்கு வருதோ அது உங்களுக்கு. இன்னொண்ண நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். ஒன்று 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3. மற்றது 2014இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 மூன்றாம் மாடல்.

முதலில் சென்சார். பிலிம் இருந்த இடத்தில் இன்று இருப்பது இது. பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் வாங்கும். மங்கலான இடத்திலும் படம் தெளிவாக வரும். சோனியில் இருப்பதை 'ஒரு அங்குல சென்சார்' என்கிறார்கள். கணக்குப் பார்த்தே பழகியவன் என்பதால் அளவைத் தேடினேன். 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய டெலிவிஷன் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வழங்கிய பெயர் இன்றும் தொடர்கிறது. இருந்தாலும் சாதாரண மலிவுக் கேமராவின் சென்சாரைவிடப் பரப்பில் இது நாலு மடங்கு. ரிக்கோவில் இருப்பது 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், சோனியைவிட மூன்று மடங்குக்கு மேல். இந்தக் கணக்கில் ரிக்கோவுக்குத்தான் வெற்றி.

பை விஷயத்திலும் அதற்கே வெற்றி. ரிக்கோ 257 கிராம், 33 மில்லிமீட்டர் தடிமன். சோனி 290 கிராம், 41 மில்லிமீட்டர். முப்பது கிராமும் எட்டு மில்லிமீட்டரும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நம் வெள்ளைப் பருத்திச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் தெரியும். ரிக்கோவைப் போட்டால் பை தாங்கியது. சோனியைப் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுத்தது. கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டேன்.

ரிக்கோவை ஒரு வாரம் ஊர் முழுக்க எடுத்துச் சென்றேன். அதன் லென்ஸில் ஜூம் கிடையாது. 28 மில்லிமீட்டர் என்று சொல்லும் அகலக் கோணம். வைசியாள் வீதியில் எதிர்ச் சாரியில் முதுகை ஒட்டி நின்றால், திண்ணை, மரத்தூண், மாடி எல்லாமாக ஒரு வீட்டின் முகப்பு அப்படியே அடங்கியது. வீடுகளுக்காகத்தான் கேமரா என்றால் அன்றைக்கே முடிவு செய்திருப்பேன்.

எனக்கு வேண்டியது முகம். தலையும் தோளும் அளவாக வரவேண்டுமானால் ரிக்கோவை முகத்துக்கு இரண்டடியில் கொண்டுபோக வேண்டும். அந்தத் தூரத்தில் யாரும் இயல்பாக இருப்பதில்லை. சிரிப்பு உறைந்துவிடுகிறது, மூக்கும் முன்னால் வந்துவிடுகிறது. தள்ளி நின்று எடுத்து நடுவில் மட்டும் வெட்டிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஆனால் 50 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடுகிறது. சோனியின் லென்ஸ் 24 முதல் 70 வரை போகிறது. 70இல் வைத்தால் ஐந்தடி தள்ளி நின்றே அதே படம் கிடைக்கிறது. ஐந்தடி என்பது பெஞ்சின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள தூரம். பேச்சு நிற்க வேண்டியதில்லை. (ரிக்கோவில் 40 மில்லிமீட்டர் லென்ஸோடு 2021இல் இன்னொரு மாடலும் வந்திருக்கிறது. முகங்களுக்கு அது இதைவிடப் பொருத்தம்.)

கடைசித் தீர்ப்பைச் சொன்னது என் கண். சோனியில் பக்கவாட்டில் ஒரு விசை உண்டு. அதைத் தள்ளினால் மேலே சின்ன ஜன்னல் ஒன்று எழும்பும். கேமராவும் தானே விழித்துக்கொள்ளும். ஜன்னலின் பின்பகுதியைக் கையால் இழுத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கலாம். எதிர்வெயிலிலும் பளிச்சென்று தெரிகிறது. சின்ன நெம்புகோல் ஒன்றைத் திருப்பினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்க முடிகிறது. கேமரா நெற்றியில் பதிந்து நிற்பதால் கை நடுக்கமும் குறைகிறது. ரிக்கோவில் இந்த ஜன்னல் இல்லை, திரை மட்டும்தான். நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் கேமரா ஆடுவதைத்தான் அது சரிசெய்யும். எதிரே இருப்பவர் தலையாட்டிப் பேசினால் அதற்கு அது பொறுப்பல்ல.

சோனியை வைத்துக்கொண்டேன். "படத் தரம் ரிக்கோதான் மாமா" என்று மருமகன் சொல்லிப் பார்த்தான். உண்மைதான். எடுக்காத படத்துக்குத் தரம் ஏது?

மெனுவில் தமிழ் இல்லை. பிரெஞ்சு இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன். பள்ளியில் பௌதிகமே பிரெஞ்சில் படித்ததால், 'ஒப்ஜெக்திஃப்' என்றால் லென்ஸ், 'மிஸ் ஒ புவேன்' என்றால் குவியம் சரிசெய்வது என்று யோசிக்காமலே புரிகிறது. உங்களுக்குப் பழகிய மொழி எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். புரியாத மெனு உள்ள கேமரா பீரோவுக்குத்தான் போகும்.

நம் ஊர்க் காற்றுக்குச் சில எச்சரிக்கைகள். தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டிவைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கைக்குட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள். உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் பஞ்சையும் மணலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மணலில் இறங்கும்போது கேமரா பையிலேயே இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். கொஞ்ச நேரம் பொறுத்து எடுங்கள். கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் எடுக்கவே வேண்டாம்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போடுங்கள். இந்தக் கேமராவின் படம் 5472க்கு 3648 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 18க்கு 12 அங்குலம் வரை கூர்மையாக வரும். நான் அஞ்சலட்டை அளவில் இரண்டு பிரதி போடுவேன். பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று என் கோப்புக்கு.

நண்பர்களை எடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் மோசம் என்று தெரிந்தது. "எனக்கு எதுக்குங்க போட்டோ?" என்று சமையலறைக்குள் போய்விடுவார்கள். ஒரு நண்பரின் மனைவி மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவல் இருந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்தேன். கையில் குச்சி, முகத்தில் சிரிப்பு. போன வருடம் அவர் இறந்தபோது அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். குச்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள். போஸ்டர் முன்னால் நின்று கடைக்காரப் பையன், "அம்மா அப்படியே இருக்காங்க" என்றான்.

கேமரா வைத்திருப்பவன் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. "எல்லாரையும் எடுக்கிறீங்களே, உங்கள யாரு எடுத்தா?" என்றாள். கேமராவை அவளிடம் கொடுத்து, நெம்புகோலை அவள் கண்ணுக்குத் திருப்பிக் காட்டினேன். ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மூன்று முறை அழுத்தினாள். இரண்டாவது படத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன். அதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். பின்னால் தேதியும் பெயரும் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. பென்ஷன் புத்தகம் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறோம், தேடாமல் கிடைக்கும்.