நாலு அடி மானிட்டரும் அம்மாவின் இன்ச் டேப்பும்

"எத்தனை இன்ச்சுன்னு சொன்ன?"

"நாப்பத்தொம்பதும்மா."

கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை உருவி, மேஜையின் இடது ஓரத்தில் ஒரு முனையை அழுத்திப் பிடித்தார் அம்மா. 49-ஐத் தொட்டபோது மேஜை முடிய இன்னும் ஐந்தே இன்ச்தான் பாக்கி. "அது மூலைக்கு மூலை அளவும்மா. வளைஞ்சு இருக்கிறதால அகலம் நாப்பத்தஞ்சுதான் வரும்" என்றேன். அம்மா எதுவும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினார். அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் ஒற்றை பெட்ரூம் வாடகை வீடு எங்களுடையது. மேஜையின் இடது பாதியில் என் கம்ப்யூட்டர், 22 இன்ச் பழைய மானிட்டர். வலது பாதியில் அம்மா துணி வெட்டுவார். பக்கத்தில் ஜன்னலோரமாக அவருடைய தையல் மெஷின். என் டிப்ளமோ ஃபீஸில் பாதி அந்த மெஷினில் இருந்து வந்ததுதான்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராது. அப்போது என் துணை 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2'. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் சரக்கு லாரி ஓட்டுகிற கேம். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. மழையில் வைப்பர் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஆனால் 22 இன்ச்சில் சைடு மிரர் பார்க்க ஒவ்வொரு முறையும் மௌஸைத் திருப்ப வேண்டும். அல்ட்ராவைடு வளைவு மானிட்டரில் இரண்டு பக்க மிரரும் அப்படியே கண்முன் தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் 48,000 ரூபாய் சேர்த்தேன்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி மாறியது. அதுவரை 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28% வரி. அன்று முதல் 18%. எவை எவை விலை குறையும் என்ற செய்தியை எங்கள் டெஸ்க்கில் டைப் செய்ததே நான்தான். 34 இன்ச் மானிட்டர்கள் வெறும் இரண்டு இன்ச் அதிகமாக இருந்த பாவத்துக்காக அத்தனை வருடமும் கூடுதல் வரி கட்டியிருக்கின்றன! தீபாவளி ஆஃபரும் சேரும் நேரம். அடுத்த வார லீவில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரரின் முதல் கேள்வி, "யாருக்கும்மா, தம்பிக்கா?" எனக்குத்தான் என்றதும் ஒரு நொடி பார்த்துவிட்டு, நேராக 49 இன்ச்சின் முன்னால் உட்கார வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அசந்துபோனேன். 5120x1440 பிக்சல். இரண்டு 27 இன்ச் மானிட்டர்களை நடுக்கோடு இல்லாமல் ஒட்டிவைத்த மாதிரி. விலை என் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு. "தவணை போட்டுக்கலாம்மா" என்றார். நானும் மனதுக்குள் தவணை போட ஆரம்பித்திருந்தேன்.

இன்னொரு பக்கம் 45 இன்ச் ஓ.எல்.இ.டி ஒன்று இருந்தது. கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. ஆனால் அதில் இருப்பதும் 34 இன்ச்சில் இருக்கிற அதே 3440x1440 பிக்சல்தான். 34-ல் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 110 பிக்சல் என்றால், இதில் 84தான். லாரி ஓட்ட அது போதும். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைப் பார்த்துத் திருத்துகிறவளுக்கு மெய்யெழுத்தின் புள்ளி பிசிறடித்தால் எரிச்சல் வரும். தவிர, ஓ.எல்.இ.டி-யில் ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. எங்கள் ஆபீஸ் பேஜின் சிவப்புப் பட்டை தினமும் எட்டு மணி நேரம் அதே இடத்தில்தான் நிற்கிறது.

அன்று வாங்காமல்தான் திரும்பினேன். தவணையைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கலாம் என்று நினைப்பு.

இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார், "அது எவ்வளவு வளைஞ்சு இருக்கும்?"

"1000R-ம்மா. ஒரு மீட்டர் ரேடியஸ்ல ஒரு வட்டம் போட்டா, அதுல ஒரு துண்டு."

"அம்ப்ரல்லா கட்டிங் மாதிரியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குடைப்பாவாடை வெட்டுகிறவருக்கு ரேடியஸ் புதிதா என்ன? தட்டைக் கழுவிவிட்டு வந்து டெய்லர் சாக்பீஸை எடுத்தார். டேப்பின் ஒரு முனையை என்னைத் தரையில் பிடிக்கச் சொல்லி, ஒரு மீட்டரில் சாக்பீஸை வைத்து வளைவாக ஒரு கோடு இழுத்தார். வளைவின் இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் சேர்த்து, நடுவில் எவ்வளவு ஆழம் என்று அளந்தார். ஏழு இன்ச். எங்கள் மேஜையின் ஆழமே இரண்டு அடிதான். பின்னால் ஸ்டாண்ட் வேறு இடம் பிடிக்கும். ஏழு இன்ச் முன்னால் நீட்டிக்கொண்டு வரும் இரண்டு சிறகுகளையும் வைத்தால் கீபோர்டு என் மடியில்தான்.

பழைய செய்தித்தாள்களை ஒட்டி 49 இன்ச்சுக்கு ஒரு பேப்பர் கட்டிங்கும் வெட்டிக் கொடுத்தார். அதைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். நாலு அடி அகலம், ஆனால் உயரம் 27 இன்ச் மானிட்டர் அளவுதான். எனக்கு அப்போதும் ஆசை விடவில்லை. 'வேற மேஜை வாங்கிக்கலாம்' என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் அம்மா தரையில் பாய் விரித்து, குனிந்து பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி ஆர்டர். மேஜையின் வலது பாதி சுத்தமாகத் துடைத்துக் காலியாகக் கிடந்தது.

"மேல வச்சு வெட்ட வேண்டியதுதானே? முட்டி வலிக்கும்ல?"

"அது வந்ததுக்கப்புறம் தரையிலதானே? இப்பவே பழகிக்கிறேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பழகிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த நாள் காலை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 34 இன்ச் கேட்டேன். 21:9, 3440x1440, 1500R வளைவு. அகலம் இரண்டரை அடிக்குச் சற்று அதிகம். வளைவின் ஆழம் இரண்டே இன்ச். கடைக்காரருக்கு ஏமாற்றம். எனக்கும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாங்கும் முன் கடையிலேயே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்கப் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்த்தேன். நீங்களும் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். இது வி.ஏ பேனல். இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பின்னால் லேசாக ஒரு கறுப்பு இழுவை தெரியும். ராத்திரி ஹைவேயில் லாரி ஓட்டும்போது எனக்கும் தெரிகிறது. பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதல் சோதனை. 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கியது 60-லேயே நின்றது. அரை மணி நேரம் கடைக்காரரை மனதுக்குள் திட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் பழைய எச்.டி.எம்.ஐ கேபிளை மாட்டியிருக்கிறேன். பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பிரிக்காமலேயே கிடந்தது. அதை மாட்டி, விண்டோஸ் செட்டிங்ஸில் போய் 144-ஐத் தேர்வு செய்ததும் சரியானது.

அடுத்த அதிர்ச்சி, வேகம். ஃபுல் எச்.டி திரையைவிட இதில் பிக்சல்கள் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. என் ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, லாரி கேமைச் சமாளித்தது. 'சைபர்பங்க் 2077'-ல் செட்டிங்ஸைக் குறைத்தால்தான் ஓடியது. 49 இன்ச் வாங்கியிருந்தால் அடுத்த தவணை கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருக்கும்.

ஹாஸ்டலில் இருந்து வந்த தம்பி ஆசையாக 'வேலரன்ட்' போட்டான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. சில கேம்கள் இப்படித்தான், 16:9-க்கு மேல் காட்டாது. 'எல்டன் ரிங்'கும் அதே கதை. பிளேஸ்டேஷன் 5-உம் 21:9-ல் படம் அனுப்பாது. நீங்கள் எதில் எந்த கேம் விளையாடுகிறீர்கள் என்று பார்க்காமல் அகலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லாரியில் மட்டும் நான் கேட்டது கிடைத்தது. இடது மிரர், வலது மிரர், நடுவில் மழை.

மேஜையில் ஏறக்குறைய இருபது இன்ச் மிச்சம் இருக்கிறது. அம்மா அதில் மறுபடி துணி வெட்டுகிறார். முன்பு இருந்ததைவிட இடம் குறைவுதான். நீளத் துணி என்றால் கீபோர்டைத் தூக்கி வைத்துவிட்டு விரித்துக்கொள்கிறார். மதியம் நான் தூங்கும்போது பிளவுஸ் கழுத்து டிசைன் வீடியோ பார்ப்பதும் இதில்தான். முதல் நாள் யூடியூபைத் திரை முழுக்கப் போட்டவர் என்னை எழுப்பிவிட்டார்.

"ஏன்டி, ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குது? துணி பத்தாம ஒட்டுப்போட்ட மாதிரி?"

"வீடியோவோட அளவு அவ்வளவுதாம்மா."

"இதுக்கா இவ்வளவு காசு?"

49 இன்ச் பேப்பர் கட்டிங்கை நான் சுவரிலிருந்து கிழித்துப் போட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன வாரம் அளவு பிளவுஸ் ஒன்றைத் தேடி அம்மாவின் பையைக் கவிழ்த்தபோது, மற்ற பேட்டர்ன்களோடு நாலாக மடித்து வைத்திருந்தது. மேலே சாக்பீஸில், "பாப்பா டிவி – பெருசு."