இல்லமும் எழுத்தும் பயணமும்

"பெண்ணுக்கு வீடு போதாதா? ஊர் சுற்றுவதும் கதை எழுதுவதும் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கும்போது, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் வாயடைத்து நிற்கிறோம். எங்கள் சார்பில் விடை சொல்ல ஒருவர் உண்டு. அவர்தாம் நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன்!

1925-ஆம் ஆண்டு முசிறியில் பிறந்த அவருக்கு எங்கள் வயதில், 15 வயதில், திருமணம் நடந்தது. பள்ளிப் படிப்பு நின்றது. புத்தகம் படிப்பது நிற்கவில்லை. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய உத்தியோகம் அழைத்த ஊர்களில் எல்லாம் குடித்தனம். நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் மக்களோடு பழகினார். 'குறிஞ்சித் தேன்' பிறந்தது. பிறர் அலுத்துக்கொள்ளும் ஊர் மாற்றமே அவருக்குக் கதைக்களம் ஆயிற்று!

அதோடு நின்றாரா? உப்பளத் தொழிலாளரின் துயரை நேரில் கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். கொள்ளையரின் வாழ்வை அறியச் சம்பல் பள்ளத்தாக்குக்கே சென்றார். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். 2014-இல் மறையும்வரை எழுத்தாளர் என்றே அறியப்பட்டார்.

அடுப்படியையும் எழுதுகோலையும் ஒரே கைகளால் ஆள்வது எளிதன்று. ஆயினும் தோழியரே, அவருக்குக் கிட்டாத பள்ளிப் படிப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. வீடா, எழுத்தா என்று கேட்போரிடம், "இரண்டும்தான், பயணமும்கூட!" என்று பணிவோடு சொல்வோம்.